ஒரு கொடி, இரண்டு விமானங்கள்

புழுதி இன்னும் அடங்கவில்லை. இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. கிழிந்த இறக்கைத் துணி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் நாற்றம் தொண்டைவரை இறங்கியது.

நான் கையில் ஒரு வெள்ளைக் கொடியோடு நின்றேன். பத்துப் பன்னிரண்டு கஜ தூரத்தில் இரண்டு சின்ன விமானங்கள், சண்டை போட்ட மாடுகள் கொம்பு மாட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி இறக்கையோடு இறக்கை சிக்கி நின்றன.

இந்தப் பக்கத்து விமானத்தின் பின் இருக்கையில் விமானியின் தலை தெரிந்தது. முன் இருக்கையில் என் மனைவி பிலோமினாவின் தலை தெரியவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நானே கைபிடித்து ஏற்றி உட்காரவைத்த இருக்கை அது.

"பறந்ததுண்டா?"

புதுச்சேரி உப்பளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "வாராவாரம் இத்தனை கதை சொல்கிறீர்களே, எப்போதாவது ஆகாய விமானத்தில் பறந்ததுண்டா?" என்று கேட்கிறார். கேள்வியில் கொஞ்சம் குத்தலும் இருக்கிறது.

பறந்ததில்லை, ஐயா. பறக்கவைக்கப் போனேன். அதன் லட்சணத்தைத்தான் மேலே சொன்னேன். இத்தனை வாரமாக இந்தக் கதையை மட்டும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இனி முடியாது.

முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைத் திட்டமாகச் சொன்னால் என் மைத்துனர் கடிதம் போட்டுத் திருத்துவார். அவருக்கு ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலை இல்லை.

அப்போது நான் புதுச்சேரி மராமத்து இலாகாவில் வரைபடம் போடுகிறவன். சாக்கடை, மதகு, கல்லறைச் சுற்றுச்சுவர் எல்லாம் என் கையால்தான் காகிதத்தில் ஏறும். ஒரு கோடு கோணினால் எனக்கு அன்று சோறு இறங்காது. நான் போட்ட கோட்டில் தப்பு கண்டுபிடிக்க ஆள் பிறக்கவில்லை என்ற நினைப்பும் இருந்தது. கல்யாணமாகி ஏழு மாதம்தான். அந்த நினைப்பில் கால்வாசி அதனால் வந்தது.

அந்த வருஷம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஊரில் பெரிய சந்தை விழா ஒன்று நடந்தது. மதராஸிலிருந்து இரண்டு சின்ன விமானங்கள் வரப்போகின்றன என்று தமுக்கடித்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், கடலையும் ஊரையும் மேலே இருந்து பார்க்கலாம். யார் ஏறுவது என்பதற்குத் தொம்போலா. குலுக்கல் சீட்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

பிலோமினாவுக்குச் சீட்டு விழுந்தது.

ரெட்டியார்பாளையத்திலிருந்து என் மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆகாசத்துல தூக்கி வீசறதுக்கா என் பொண்ணக் கட்டிக் குடுத்தேன்? மாப்ள, நீங்களாவது வேணாம்னு சொல்லக் கூடாதா?"

நான் பெரிய விஞ்ஞானி மாதிரி பேசினேன். "அத்தை, தரையில வண்டியில போறதுலதான் ஆபத்து. மேல மோதறதுக்கு என்னா இருக்குது? ஒண்ணுமே கெடையாது."

மாமியார் என்னை நம்பவில்லை. ஆனால் பிலோமினா அதற்குள் எந்தப் புடவை என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

வில்லியனூர் ஆட்கள்

விமானம் இறங்க இடம் வேண்டும். லாஸ்பேட்டை மேட்டில் செம்மண் பொட்டல் ஒன்றைச் சமன்செய்யச் சொல்லி எங்கள் இலாகாவுக்கு உத்தரவு வந்தது. அளவெடுத்துப் படம் போடுகிற பொறுப்பு எனக்கு. கடலூரில் படித்ததால் இங்கிலீஷும் பேசுவேன். ஆகவே மதராஸ் விமானிகளுக்குத் தரையில் வழிகாட்டுகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தக் காலத்துச் சின்ன விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். தரையில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் போட்டுக்கொண்டு நிற்கும். விமானி பின்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் தெரிவது எஞ்சினும் வானமும்தான். எதிரே யானை வந்தாலும் தெரியாது. பிரேக்கும் கிடையாது. தரையில் ஊர்ந்து போகும்போது இரண்டு இறக்கை நுனியையும் ஆள் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் சக்கரத்துக்கு முன்னால் கட்டை போட வேண்டும்.

இதை விமானிகள் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். படித்ததுமே எனக்கு வில்லியனூர் நினைவுக்கு வந்தது.

வில்லியனூர்த் தேரை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. கவர்னரே வந்து வடம் தொடுகிற தேர். இழுக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் தேரை உண்மையில் ஓட்டுகிறவர்கள் முட்டுக்கட்டைக்காரர்கள்தான். சக்கரத்தை ஒட்டி நடந்து, ஒரு பக்கம் கட்டையைச் சரித்துப் போட்டால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு பக்கமும் போட்டால் நிற்கும். கை ஒரு விநாடி பிந்தினால் கை இருக்காது.

அவர்களில் நால்வரை அழைத்து வந்தேன். கண்ணுசாமி என்பவர் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. என் வயதுதான் இருக்கும். நெல்லும் கரும்பும் பயிர் செய்கிற குடும்பம். முதலில் வந்து இறங்கிய விமானத்தின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னா முசியே, கொழந்த நடவண்டி மாதிரி இருக்குது! இதுக்கா நாலு பேரு?" ஐயா என்பதை எங்கள் ஊரில் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்போம்.

விமானிகள் கொண்டுவந்த கட்டைகளை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தேருக்குப் போடுகிற கட்டைகளில் சின்னதாக ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அன்று முழுவதும் நடந்தார்.

கொடி விஷயத்தையும் தேரிலிருந்துதான் எடுத்தேன். தேருக்கு முன்னால் ஒருவர் நின்று துண்டை வீசுவார். அத்தனை கூட்டமும் அந்த ஒரு துண்டுக்குக் கட்டுப்படும். ஆகவே பொட்டல் நடுவில் நான் ஒருவன். வெள்ளைக் கொடி காட்டினால் வரலாம், சிவப்புக் காட்டினால் நிற்க வேண்டும். இதை இரண்டு நிற மையில் படமாக வரைந்து என் பெயரைக் கீழே போட்டேன். எங்கள் பிரெஞ்சு எஞ்சினியர் துரை மேலே கையெழுத்துப் போட்டார். "அழகான படம்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மூன்று நாள் மிதந்தேன்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணுசாமி மட்டும் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு தேருக்கு ஒரு துண்டு எப்படி முசியே? எங்க ஊர்ல சாமி தேரு நெலைக்கு வந்து நின்ன பொறவுதான் அம்மன் தேரு நவுறும்."

"ஒண்ணு மேல பறக்கும்போதுதான்யா இன்னொண்ணு கீழ நவுறும். ரெண்டும் ஒரே நேரத்துல தரையில வராது. நேரம் போட்டு வச்சிருக்கேன்."

"அப்ப சரி முசியே" என்றார். நானும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

புடவை செய்த தாமதம்

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு விமானம் ஏறும், ஒன்று இறங்கும். நாட்டு மருத்துவர் ஒருவர் பறந்து இறங்கி வந்து, கடல் தட்டையாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எண்ணெய்க்கடைக்காரர் ஒருவர் ஏறுமுன் உயில் எழுதிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார். இறங்கியதும் முதல் வேலையாக அதைத் திரும்பி வாங்கிக் கிழித்துப் போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிலோமினாவின் முறை.

விமானத்தில் ஏறுவதென்றால் கீழ் இறக்கையில் கால் வைத்து, பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் அது நடக்கிற காரியமா? சுற்றிலும் ஜனங்கள். கடைசியில் எஞ்சினியர் துரையின் மனைவி நான்கு பெண்களைக் கூப்பிட்டு ஒரு துப்பட்டியைத் திரைபோலப் பிடிக்கச் சொன்னார். உள்ளே புடவையை எப்படியோ தார்பாய்ச்சிக் கட்டி, மேலே விமானியின் தோல் கோட்டைப் போட்டுவிட்டார்கள். தலையில் குல்லாவும் கண்ணாடியும் மாட்டியபோது என் மனைவியை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இதில் கால் மணி நேரம் போய்விட்டது. என் நேர அட்டவணையில் புடவைக்கு இடம் விட்டிருக்கவில்லை.

விமானி ஒரு மதராஸ் வக்கீல், நம்மவர்தான். நல்ல மனுஷர். "பயமா இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் இறங்கச் சொல்லவில்லை.

முதுகுக்குப் பின்னால்

நான் ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன். எஞ்சின் கிளம்பியது. கண்ணுசாமி வலது இறக்கை நுனியில், இன்னொருவர் இடது நுனியில். நான் வெள்ளைக் கொடியைத் தூக்கி வீசினேன். பிலோமினா உட்கார்ந்திருந்த விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னை நோக்கி ஊர்ந்து வந்தது.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. இதை மறைக்க ஒன்றுமில்லை.

முதுகுக்குப் பின்னால் இரண்டாவது விமானம் இறங்கியிருந்தது. ஓட்டியவர் ஓர் இங்கிலீஷ்காரர். எங்கள் எஞ்சின் சத்தத்தில் அதன் சத்தம் கலந்துவிட்டதால் எனக்குத் தனியாகக் கேட்கவில்லை. அவர் தம் இறக்கைக்கு மற்ற இரண்டு ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லையே என்று பார்த்திருக்கிறார். தூரத்தில் என் வெள்ளைக் கொடி ஆடுவது தெரிந்ததும், நமக்குத்தான் என்று கிளம்பிவிட்டார்.

வெள்ளைக் கொடி காட்டினால் வரலாம். இரண்டு பேருமே என் படத்தில் எழுதியபடிதான் நடந்தார்கள்.

சத்தம் இரட்டித்து என் பிடரியில் அடித்தபோதுதான் திரும்பினேன். பின்னால் வந்த விமானத்தின் சுழல்விசிறி இருபது கஜத்தில் இருந்தது. இரண்டுக்கும் மூக்கு வானத்தில். ஒருவருக்கு ஒருவர் தெரியாது. இடது கையில் சிவப்புக் கொடி சுருட்டியபடியே இருந்தது. அதை விரித்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. நான் விலகிக் குதித்தேன். என் மனைவி எதிரே வந்துகொண்டிருக்க, நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நாற்பது வருஷம் ஆகிறது. எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

இடது இறக்கைக்காரர் கைவிட்டு ஓடினார். கண்ணுசாமி ஓடவில்லை. சுழலும் விசிறிக்கு ஒரு முழம் பின்னால் குனிந்து உள்ளே புகுந்து, தோளில் இருந்த கட்டையை வலது சக்கரத்துக்கு அடியில் சரித்துத் தள்ளினார்.

விமானம் அந்தச் சக்கரத்தில் நின்று சட்டென்று வலதுபுறம் திரும்பியது. வால் தூக்கி, தொப்பென்று விழுந்தது. எதிரே வந்தது நேராக மூக்கில் மோத வேண்டியது. இப்போது இடது இறக்கையில் மட்டும் மோதியது. மரம் முறிகிற சத்தம். பிறகு அமைதி.

நான் ஓடினேன். இறக்கையில் ஏறி முன் இருக்கைக்குள் எட்டிப் பார்த்தேன்.

பிலோமினா முழங்காலில் தலையைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏங்க, கடலுக்கு மேல வந்துட்டோமா?"

எஞ்சின் கிளம்பிய நிமிடத்திலிருந்து அவள் கண்ணையே திறக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையாக மாறியது. அந்த ஜனக்கூட்டத்தின் முன்னால், இறக்கையின் மேல் உட்கார்ந்துகொண்டு, சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருவன் விம்மி விம்மி அழுதான்.

மூன்று சாட்சிகள்

ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் ஊரில் வேறு கதை ஓடியது. வக்கீல் எதிரே வந்த விமானத்தைப் பார்க்கவே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், நேராகப் போய்க்கொண்டிருந்த விமானத்தை யாரோ கட்டை போட்டுத் திருப்பினான், உடனே இடி விழுந்தது என்பதுதான். "அந்த ஆள் கட்டை போடாம இருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது" என்றார். பொய் சொல்லவில்லை பாவம். அப்படித்தான் நம்பினார்.

கண்ணுசாமியைப் போலீசில் ஒப்படைப்பதா என்று மறுநாள் காலையில் எஞ்சினியர் துரை விசாரிப்பதாக முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, முதுகு, நான் விலகிக் குதித்தது வரை. நாளைக்கு உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் முதலில் அவளைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பெண்களைக் காக்கவைக்கக் கூடாது என்பது துரையின் கொள்கை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பிரெஞ்சில் பேசுவாள். சீக்கிரமே வெளியே வந்தாள். என்னைப் பார்க்காமல் வராந்தா முனையில் போய் நின்றுகொண்டாள்.

அடுத்துக் கண்ணுசாமி. இந்த முறை கதவு திறந்தே இருந்தது.

"கொடி என்ன நிறம்?" என்று குமாஸ்தா மொழிபெயர்த்துக் கேட்டார்.

"கொடிய நான் பாக்கல முசியே. கட்ட போடறவன் சக்கரத்தத்தான் பாப்பான். எதுத்தாப்ல இன்னும் ரெண்டு சக்கரம் வந்துச்சு. போட்டுட்டேன். தப்புன்னா என்னத் தண்டிச்சுடுங்க. அந்தம்மா நல்லா இருக்காங்கல்ல, அது போதும்."

பிறகு நான். நாற்காலியில் உட்காரவில்லை. இரவல் குரல் மாதிரி ஒரு குரல் என் வாயிலிருந்து வந்தது.

"வெள்ளைக் கொடிதான் ஐயா. சிவப்பை நான் காட்டவே இல்லை. பின்னால் பார்க்கவும் இல்லை. கட்டை போட்டிருக்காவிட்டால் இரண்டும் மூக்கோடு மூக்கு மோதியிருக்கும். தப்பு என்னுடையது."

துரை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மேஜைமேல் இருந்த காகிதத்தை எடுத்து வாசித்தார். அது பிலோமினாவின் வாக்குமூலம். "என் கணவர் வலது கையில் எங்களுக்கு வெள்ளைக் கொடியும், இடது கையைப் பின்னால் நீட்டி மற்ற விமானத்துக்குச் சிவப்புக் கொடியும் காட்டினார். என் இரண்டு கண்ணாலும் தெளிவாகப் பார்த்தேன். கண்ணுசாமி கட்டை போட்டதால்தான் நான் பிழைத்தேன். இருவர் மேலும் குற்றமில்லை."

"இதில் எதை நம்புவது?" என்று துரை கேட்டார்.

"அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் ஐயா" என்றேன். "கடல் வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டாள்."

துரையின் மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். அவர் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"நேற்று அந்தப் பொட்டலில் கண்ணைத் திறந்திருந்தவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை. மதாம் மட்டும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்" என்றார்.

அந்த வாக்குமூலத்தில் இன்னும் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை. நான்காக மடித்துத் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் படத்தை விரித்தார். கீழே என் பெயர், மேலே அவர் கையெழுத்து.

"இந்தப் படத்தை நானும்தான் பார்த்தேன். இரண்டு விமானத்துக்கு ஒரு கொடி போதுமா என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. யாராவது கேட்டார்களா?"

"கண்ணுசாமி கேட்டார்."

துரை எழுந்து வெளியே போய்க் கண்ணுசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணுசாமி எதற்கு என்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி முழுக்க அவர் வீட்டில் அடுப்பே மூட்டவில்லையாம், போலீஸ் வரும் என்று.

வக்கீலிடமும் துரையே பேசினார். அவர் நேராகக் கண்ணுசாமியிடம் வந்து கை கூப்பினார். என் வேலை போகவில்லை. கொடி மட்டும் என் கையைவிட்டுப் போனது. மறுநாளே சாக்கடைப் படங்களுக்குத் திரும்பினேன். சாக்கடை அவ்வளவு அழகாக எனக்கு அதற்குமுன் தெரிந்ததில்லை.

பாதி அபராதம்

வீட்டுக்குப் போகிற வழியில் பிலோமினா பொரிந்து தள்ளினாள்.

"சிலுவையத் தொட்டு சத்தியம் பண்ணிட்டு உங்களுக்காகப் பொய் சொன்னேன். நீங்க போய் எல்லாத்தையும் ஒளறிட்டீங்க!"

"நீ சொல்லப் போறேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வேணாம்பீங்க."

சனிக்கிழமை அவள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நான் கோயில் வாசலில் சைக்கிளோடு நின்றேன். வெளியே வந்தவள் முகம் சுண்டியிருந்தது. சாமியார் அபராதமாக ஐம்பத்து மூன்று மணி கோத்த ஜெபமாலை முழுவதும், மணிக்கொரு மந்திரமாக, சொல்லச் சொல்லிவிட்டாராம்.

"நான் எனக்காகவா பொய் சொன்னேன்? பாதி உங்களுது. வாங்க உள்ள."

இப்படிப் பங்கு போடலாமா என்று எனக்குத் தெரியாது. போனேன்.

மத்தியான நேரம், கோயில் காலியாக இருந்தது. ஆண்கள் வலதுபுறம், பெண்கள் இடதுபுறம் என்பது அந்த நாளில் கண்டிப்பு. நடுவே பாதையை விட்டு ஆளுக்கொரு பக்கம் முழங்காலிட்டோம். அவள் முதல் பாதி மந்திரத்தைச் சொல்வாள். நான் மறுபாதியைச் சொல்வேன்.

பத்துப் பதினைந்து மணி நன்றாகத்தான் போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வரும், கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் கோபமாக, ஒவ்வொரு முறையும் தவறாமல். எந்த மணியில் என்று தெரியாது, அந்தக் கட்டை விழுந்திராவிட்டால் இந்தக் குரல் இன்றைக்கு இங்கே இல்லாமல் இருந்திருக்கும் என்று தோன்றியது. என் பாதி வாயைவிட்டு வரவில்லை.

அவள் காத்திருந்தாள். திரும்ப ஒருமுறை தன் பாதியைச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் என்னால் முடியவில்லை.

நெருப்புக் கோழி மாதிரித் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த எனக்குக் கொலுசுச் சத்தம்தான் முதலில் கேட்டது. பிலோமினா நடுப்பாதையைத் தாண்டி, ஆண்கள் பக்கம் வந்து, என் தோளோடு தோள் உரச முழங்காலிட்டாள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை தூணருகிலிருந்து கனைத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீதி மணிகளை இரண்டு பேருக்குமாக அவளே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.